கனடாவின் பழைய ஸ்டாம்ப் வெரைட்டிகள்: மூன்று சென்ட் ‘சின்ன ராணி’யில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கனடாவின் பழைய ஸ்டாம்ப் என்றதும் எல்லோரும் முதலில் தேடிப் போவது 1851-இல் வந்த, பீவர் என்ற விலங்கின் படம் போட்ட மூன்று பென்னி ஸ்டாம்பைத்தான். சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் வடிவமைத்தது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நல்ல நிலையில் ஒன்று வாங்கவே பெரிய தொகை வேண்டும், கஷ்டப்பட்டு வாங்கிவிட்டாலும் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு எதனுடன் ஒப்பிடுவது? வெரைட்டி படிப்பு என்பது ஒரே ஸ்டாம்பின் பிரதிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. அதற்கு எண்ணிக்கை வேண்டும்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான். சேகரிப்பாளர்கள் ‘சின்ன ராணி’ என்று அழைக்கும் 1870–1897 வரிசையை எடுங்கள், அதிலும் மூன்று சென்ட் சிவப்பை மட்டும் எடுங்கள், அதையும் பத்து இருபது என்று வாங்காமல் முந்நூறு நானூறு என்று மொத்தமாக வாங்குங்கள். பயன்படுத்தப்பட்ட சாதாரணப் பிரதிகள் மிக மலிவு. ஏன் இவ்வளவு கிடைக்கிறது என்றால், அந்த 27 வருடமும் கனடாவுக்குள் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்பக் கட்டணமே மூன்று சென்ட்தான். முதலில் அரை அவுன்சுக்கு, 1889-இலிருந்து ஒரு அவுன்சுக்கு. வியாபாரக் கடிதம், காதல் கடிதம், கடன் கேட்ட கடிதம் எல்லாவற்றின் மூலையிலும் இதுதான் ஒட்டியிருந்தது.

விக்டோரியா ராணி வலது பக்கம் பார்க்கிறார், மேலே வளைவாக ‘கனடா போஸ்டேஜ்’ என்று எழுத்து, கீழே இரண்டு மூலையிலும் 3. இந்தப் படம் 27 வருடம் மாறவே இல்லை, அச்சடித்த நிறுவனமும் மாறவில்லை, பிரிட்டிஷ் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. ஆனால் அச்சகம் ஒட்டாவாவில் இருந்து மான்ட்ரியலுக்குப் போய் மறுபடி ஒட்டாவாவுக்கே வந்தது. காகிதம் மாறியது, மை மாறியது, துளையிடும் இயந்திரம் மாறியது, தகடுகள் தேய்ந்து சரிசெய்யப்பட்டன. நீங்கள் படிக்கப் போவது இந்த மாற்றங்களைத்தான்.

எது வெரைட்டி, எது அழுக்கு

வேலையைத் தொடங்கும் முன் அச்சு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிற ஒவ்வொரு கறையும் கண்டுபிடிப்பாகத் தெரியும். முதலில் ஒரு எஃகுத் துண்டில் ஒரே ஒரு படத்தைக் கையால் செதுக்குவார்கள். அதைக் கடினமாக்கி, மென்மையான எஃகு உருளை ஒன்றை அதன் மேல் அழுத்தி உருட்டினால் படம் மேடாக உருளையில் ஏறும். அந்த உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டில் ஒவ்வொரு இடமாக அழுத்தி ஆட்டி ஆட்டிப் படத்தை இறக்குவார்கள். அப்புறம் தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்தில் நின்ற மை தாளில் ஏறும். நல்ல பிரதி ஒன்றை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள், கோடுகள் மேடாகத் தட்டுப்படும்.

இதில் இருந்து மூன்று வகை வித்தியாசங்கள் பிறக்கின்றன. அச்சிட்ட காலத்தைப் பொறுத்து வருவது காகிதம், துளை, நிறம். தகட்டில் நிலையாக இருப்பதால் அந்தத் தகட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வருவது இரண்டாவது வகை. தாள் மடிந்தது, மை சிதறியது, துடைக்க மறந்தது என்று ஒரே ஒரு தடவை நடந்த விபத்து மூன்றாவது. மூன்றாவது வகை பார்க்கச் சுவாரசியமாக இருக்கும், ஆனால் அது உங்களுக்கு எதையும் கற்றுத்தராது. முதல் இரண்டில்தான் படிப்பு இருக்கிறது.

வேண்டிய சாமான்கள்

பெரிய செலவில்லை. நுனி தட்டையான ஸ்டாம்ப் ட்வீசர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்டாம்பின் ஓரத்துத் துளையை அளக்கும் அட்டை, கறுப்புப் பக்கம் உள்ள ஸ்டாக் புக் இரண்டு, ஒரு சாதாரண ஸ்கேனர். ஸ்கேனரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது லென்ஸில் ஒரு மணி நேரம் குனிந்து பார்ப்பதைவிட அதிகம் காட்டும், கழுத்தும் வலிக்காது. பிளாஸ்டிக் உறை வாங்கினால் பிவிசி இல்லாததாக வாங்குங்கள், அது காலப்போக்கில் மையையும் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

யூனிட்ரேட் என்ற கனடா சிறப்புக் கேட்டலாக் ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய பதிப்பே போதும். விலை மாறியிருக்கும், தகவல் அப்படியேதான் இருக்கும்.

மொத்தமாக வாங்கும்போது

‘தரம் பிரிக்காதது’ என்று விற்கும் பொட்டலத்தைத் தேடுங்கள், ஆனால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். பொட்டலம் முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 1889-க்குப் பிறகான ஒட்டாவா அச்சு, ஒரே காலத்துச் சரக்கு. மங்கல் சிவப்பு, ரோஜா, ஆரஞ்சு என்று கலந்து தெரிந்தால் மூன்று காலமும் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். மூலை கிழிந்தது, மெலிந்தது என்று கொஞ்சம் சேதமானதும் பரவாயில்லை. நீங்கள் படிக்க வாங்குகிறீர்கள், சேதமான ஸ்டாம்பிலும் தேதி தேதிதான்.

காகிதத் துண்டோடு இருப்பவற்றை உடனே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். ஊரும் தேதியும் முழுசாகத் தெரிகிற அஞ்சலக முத்திரை துண்டில் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், முழு உறையாக இருந்தால் ஸ்டாம்பைப் பிரிக்கவே கூடாது. மற்றதைச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தானாகக் கழன்றதும் எடுத்து, ஒற்றுத்தாளில் குப்புறக் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஒரு இரவு வைத்தால் நேராகிவிடும். சாயம் விடுகிற கலர் உறைத் துண்டுகளை மட்டும் தனிப் பாத்திரத்தில் போடுங்கள்.

முதல் வேலை: தேதி

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பொட்டலத்தைக் கொட்டியதும் கண் நிறத்துக்குப் போகும், நிறத்தை வைத்துக் குவியல் பிரிக்கக் கை பரபரக்கும். வேண்டாம். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் முத்திரையில் வருடம் வாசிக்க முடிகிற ஸ்டாம்புகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். நானூறில் ஐம்பது தேறினாலே நல்ல அறுவடை. ஏன் இவ்வளவு குறைவு என்றால், பல அஞ்சலகங்களில் ஸ்டாம்பை அடித்த முத்திரையில் தேதியே இருக்காது. மரக்கார்க்கைச் செதுக்கி மையில் தோய்த்து அடித்ததில் வெறும் கட்டங்களும் நட்சத்திரங்களும்தான் இருக்கும். இரட்டை வளையத்துக்குள் எண் போட்ட முத்திரையில் ஊர் தெரியும், 1 என்றால் மான்ட்ரியல், 2 என்றால் டொராண்டோ, ஆனால் நாள் தெரியாது. இரட்டை முத்திரைகளில் தேதி வட்டம் பக்கத்தில் உறை மேல் விழுந்திருக்கும், உறை போனதும் தேதியும் போயிற்று.

வருடம் தெரிகிற ஸ்டாம்புகளை வரிசையாக ஸ்டாக் புக்கில் வையுங்கள். 1870-இலிருந்து 1897 வரை வருடத்துக்கு ஒரு வரி, ஆள் இல்லாத வருடத்துக்கு இடம் காலியாக இருக்கட்டும். இந்தப் பக்கம்தான் உங்கள் அளவுகோல். இதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ஸ்டாம்பையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: முத்திரைத் தேதி ஸ்டாம்ப் பயன்பட்ட நாள், அச்சான நாள் அல்ல. 1885-இல் ஒருவர் மேசை இழுப்பறையில் கிடந்த 1876 அச்சை எடுத்து ஒட்டியிருக்கலாம். அதனால் ஒரு பிரதியை நம்பாதீர்கள். ஒரே மாதிரி நான்கைந்து பிரதிகள் ஒரே காலத்தில் விழுந்தால் நம்புங்கள். இந்த வகை அச்சு இந்தத் தேதிக்குப் பிறகுதான் இருக்க முடியும் என்று முடிவுகட்ட, உங்களிடம் உள்ள மிக முந்தைய தேதிதான் முக்கியம்.

1893-இலிருந்து வந்த சதுரவட்ட முத்திரை இந்த வேலைக்கு ஒரு வரம். நடுவில் ஊரும் தேதியும் வட்டமாக, சுற்றிலும் கோடுகள் சதுரமாக, எல்லாம் ஸ்டாம்பின் மேலேயே விழும். வரிசையின் கடைசி ஐந்து வருடத்தை இதை வைத்தே நிரப்பிவிடலாம்.

அடுத்து துளை

ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களை 2 சென்டிமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடுவதுதான் துளை அளவு. மேல்–கீழ் ஓரத்துக்கு ஒரு எண், பக்கவாட்டுக்கு ஒரு எண். ‘11½×12’ என்றால் மேலும் கீழும் 11½, பக்கங்களில் 12.

மூன்று சென்ட்டில் இதை அளந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒட்டாவாவில் முதலில் அச்சிட்ட 1870–73 காலத்தில் நான்கு பக்கமும் 12. அச்சு மான்ட்ரியலுக்குப் போன பிறகு, 1873-இலிருந்து 1879 வாக்கில் வரை, 11½×12 வருகிறது. அதற்குப் பிறகு மறுபடி 12, ஒட்டாவாவுக்குத் திரும்பிய 1889-க்குப் பிறகும் 12தான். ஆக ஒரு மங்கல் சிவப்பு ஸ்டாம்ப் 11½×12 அளந்தால், முத்திரையில் தேதி இல்லாவிட்டாலும் எழுபதுகளின் மான்ட்ரியல் அச்சு என்று தயங்காமல் எழுதலாம். 1870-இன் ஆரம்ப அச்சில் 12½ என்று ஒன்று உண்டு, அது அரிது, விலையும் அதிகம்.

அளக்கும்போது பொறுமை வேண்டும். அட்டையில் ஸ்டாம்பை வைத்து, கோடுகள் பல்லின் நுனிகளில் முதலிலிருந்து கடைசிவரை விலகாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் நான்கு பல் பொருந்தினால் போதாது. முதல் ஐம்பதை இரண்டு தடவை அளங்கள், இரண்டாவது தடவை வேறு நாளில், முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல். இரண்டு கணக்கும் ஒத்துப்போகத் தொடங்கும்போது உங்கள் கை தயார்.

காகிதம்

வாயில் சொல்லிப் புரியவைக்கக் கஷ்டமான பகுதி இது, விரலுக்கும் கண்ணுக்கும்தான் புரியும். கடைசி ஒட்டாவா அச்சின் காகிதம் மெலிந்தது, தரம் குறைந்தது, பின்பக்கம் பார்த்தால் சாம்பலோ மஞ்சளோ கலந்து பழைய செய்தித்தாள் போல இருக்கும். இதை முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள், தேதி தெரிந்த சதுரவட்டப் பிரதிகள் உங்களிடமே இருக்கின்றன. முந்தைய காகிதங்கள் இதைவிட வெள்ளை.

அப்புறம் நார் ஓடும் திசை. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் ஒரு திசையில் அதிகம் படுத்திருக்கும். ஸ்டாம்பை விளக்குக்கு நேரே பிடித்தால் நுண்ணிய வலை படுக்கையாகவோ நெட்டையாகவோ இழுபட்டது போலத் தெரியும். ஈரத்தாளில் அச்சிட்டார்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா, காய்ந்ததும் தாள் நாரின் குறுக்குத் திசையில் அதிகம் சுருங்கும். அதனால் ஒரே தகட்டில் அடித்த இரண்டு ஸ்டாம்புகளில் ஒன்று கொஞ்சம் ஒல்லியாகவும் இன்னொன்று கொஞ்சம் குட்டையாகவும் இருக்கும். தகடே வேறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது நிறம்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், வெயில் நேரே படாமல், ஒரு சாம்பல் நிற அட்டை மேல் வைத்துப் பாருங்கள். கேட்டலாக்கில் இருக்கும் நிறப்பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்கள் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். 1870-இன் தொடக்கத்தில் செங்கல் தூள் போன்ற ‘இந்தியன் ரெட்’, அதை அடுத்து ரோஜாச் சிவப்புகள், பிறகு மங்கல் சிவப்பு, மான்ட்ரியல் காலத்தில் ஆரஞ்சுச் சிவப்பு, 1888-இன் கடைசியில் கொஞ்ச காலமே வந்த ரோஸ் கார்மைன், கடைசியில் வெர்மிலியன் என்ற பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பு. வரிசை இதுதான், ஆனால் இடையில் எத்தனையோ சாயல்கள்.

நிறத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆரஞ்சு, சிவப்பு மைகள் காற்றில் உள்ள கந்தகம் பட்டால் கறுத்துப் பழுப்பாகிவிடும். சேகரிக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம் ஒரு விற்பனையாளரிடம் ‘இந்தியன் ரெட்’ என்று எழுதிய ஸ்டாம்ப் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஆழ்ந்த பழுப்புச் சிவப்பு, முத்திரை கார்க், தேதி இல்லை. வீட்டுக்கு வந்து அளந்தால் 11½×12. 1870-இல் இருக்க வழியே இல்லை. மான்ட்ரியல் அச்சின் ஆரஞ்சு கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். கடையிலேயே அட்டையை எடுத்து அளந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து துளை அளக்காமல் நான் நிறத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தகட்டைப் படிப்பது

மனசைப் பறிகொடுக்கிற இடம் இது. தகடு தேய்ந்தாலோ முதல் தடவை சரியாக இறங்காவிட்டாலோ உருளையை மறுபடி அதே இடத்தில் அழுத்துவார்கள். இதை ரீ-என்ட்ரி என்கிறார்கள். முடி அளவு விலகி அழுத்தினாலும் பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்து நிற்கும், அந்த இடத்திலிருந்து வருகிற ஒவ்வொரு ஸ்டாம்பிலும் இரட்டைக் கோடு தெரியும்.

ஸ்கேனைத் திறந்து எப்போதும் ஒரே ஒழுங்கில் பாருங்கள். இடது மேல் மூலையில் தொடங்கி மேல் எழுத்துகள், வலது ஓரம், கீழ் எழுத்துகள், இரண்டு 3கள், இடது ஓரம், கடைசியில் ராணியின் முகம். எழுத்துகளின் உள்ளே மை இல்லாத வெள்ளைப் பகுதிகளைக் கவனியுங்கள், இரட்டைக் கோடு முதலில் அங்கேதான் மாட்டும். என்னிடம் உள்ள ஒரு பிரதியில் ‘கனடா’வின் முதல் எழுத்துக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஒரு வளைகோடு, எழுத்தின் முதுகை அப்படியே நகல் எடுத்தது போல. அதற்கு நேர் கீழே இடது ஓரக்கோடும் இரண்டாகப் பிரிந்து, பாதி உயரத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. வலது பக்கம் முழுக்கச் சுத்தம். இப்படி ஒரு பகுதியில் மட்டும், கூர்மையாக, கோட்டுக்குக் கோடு இருந்தால் ரீ-என்ட்ரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டாம்ப் முழுக்க ஒரே திசையில், மங்கலாக, நிழல் போல இரட்டித்திருந்தால் அச்சிடும்போது தாள் நகர்ந்திருக்கிறது, அது விபத்து.

நான் வைத்திருக்கும் விதி: இரண்டாவது பிரதி கிடைக்கும் வரை எதையும் தகட்டு வெரைட்டி என்று எழுதுவதில்லை. அந்தப் பிரதிக்கு எட்டு மாதம் காத்திருந்தேன், வேறொரு பொட்டலத்தில் அதன் இரட்டை கிடைத்தது, அதே வளைகோடு, அதே ஓரம், முத்திரை மட்டும் வேறு. அதற்குத்தான் மொத்தமாக வாங்கச் சொல்கிறேன்.

பெரிய ரீ-என்ட்ரிகளும் பெயர் வாங்கியவையும் மற்ற மதிப்புகளில் உண்டு. ஆறு சென்ட் தகட்டில் ஓரிடத்தில் தவறுதலாக ஐந்து சென்ட்டை இறக்கிவிட்டு, அதன் மேலேயே ஆறைப் பதித்திருக்கிறார்கள், ஐந்தின் மிச்சக்கோடுகள் ஸ்டாம்பில் தெரியும். 1859-இன் ஐந்து சென்ட் பீவரில் தகட்டின் 28-ஆம் இடத்து ரீ-என்ட்ரி சேகரிப்பாளர்கள் எல்லோரும் தேடுவது. இவற்றை வாங்கும் முன் படங்களையாவது பார்த்துப் பழகுங்கள்.

எழுதி வைக்காவிட்டால் எல்லாம் வீண்

ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஒரு எண், ஸ்கேன் கோப்புக்கும் அதே எண். ஒரு அட்டவணையில் முத்திரைத் தேதி, ஊர், துளை, காகிதம், நிறம், தகட்டுக் குறை. நிறத்துக்குப் பெயர் எழுதுவதைவிட ‘எண் 114 போல’ என்று எழுதுவது நேர்மையானது. வாங்கிய இடமும் விலையும்கூட எழுதுங்கள்.

போலிகளும் சான்றிதழும்

மூன்று சென்ட்டில் யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை, ஆரம்பிக்க அது நல்லது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். விலை ஏற ஏறக் கவனம் வேண்டும். துளையுள்ள பென்னி ஸ்டாம்பின் ஓரத்தை வெட்டித் துளையில்லாதது என்று விற்பார்கள், வெட்டப்பட்ட ஓரத்தில் புதிதாகத் துளை போடுவார்கள், பேனாவால் அடித்த கோட்டைக் கழுவிப் புதியது என்பார்கள், பசையைப் புதிதாகப் பூசுவார்கள். 1851-இன் பன்னிரண்டு பென்னிக் கறுப்பில், மாதிரித் தாளிலிருந்து ‘ஸ்பெசிமன்’ என்ற எழுத்தை அழித்து விற்றதும் உண்டு. சின்ன ராணிக்கு முன் வந்த, அளவில் பெரிய 1868-இன் ‘பெரிய ராணி’ வரிசையில், விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே கோடுகள் தெரியும் காகிதத்தில் வந்த இரண்டு சென்ட் மூன்றே மூன்றுதான் தெரியவந்திருக்கிறது, அந்த மூன்றாவதும் 2013-இல்தான் வெளிப்பட்டது. அப்படி ஒன்று உங்கள் பொட்டலத்தில் வந்துவிட்டதாகத் தோன்றினால் சந்தோஷப்படும் முன் நிபுணர் கையில் கொடுங்கள். டொராண்டோவில் உள்ள வின்சென்ட் கிரேவ்ஸ் கிரீன் ஆராய்ச்சி அறக்கட்டளை கனடா ஸ்டாம்புகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழ்க் கட்டணத்தைவிட ஸ்டாம்பின் விலை பல மடங்கு இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

மூன்று சென்ட்டுக்குப் பிறகு

அதே சின்ன ராணி வரிசையின் மற்ற மதிப்புகளை எடுக்கும்போது, அந்த மதிப்பு எதற்காக வந்தது என்று கேளுங்கள். 1893-இன் எட்டு சென்ட், மூன்று சென்ட் கடிதக் கட்டணமும் ஐந்து சென்ட் பதிவுக் கட்டணமும் சேர்ந்தது. ஐந்து சென்ட் இன்னும் நல்ல கதை. 1875 அக்டோபரில் இங்கிலாந்துக்கான கட்டணம் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தபோது சின்ன ராணியில் ஐந்து சென்ட் தயாராக இல்லை, எனவே பழைய பெரிய ராணி அளவிலேயே ஒன்றை அச்சிட்டார்கள். 1876-இல் சின்னது வந்துவிட்டது. பெரிய ராணியில் ஐந்து சென்ட் மட்டும் ஏழு வருடம் தள்ளி வந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது திட்டமாக 1898-இன் வரைபட ஸ்டாம்பைச் சொல்வேன். இரண்டு சென்ட், உலக வரைபடம், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகள் சிவப்பில், நம் இந்தியாவும் இலங்கையும் உள்பட. டிசம்பர் 7-ஆம் தேதி வெளியிட்டார்கள். கறுப்பு செதுக்குத் தகட்டில், சிவப்பும் கடல் நிறமும் தனித்தனி அச்சில், மொத்தம் மூன்று தடவை. மூன்றும் சரியாகப் பொருந்தாத பிரதிகளில் சிவப்பு எல்லை தாண்டிக் கடலுக்குள் போயிருக்கும். கடல் லாவெண்டரிலும் வருகிறது, நீலத்திலும் பச்சை கலந்த நீலத்திலும் வருகிறது. கறுப்புத் தகடுகள் 1, 2, 3, 5 என்று நான்கு, ஒவ்வொன்றிலும் நூறு இடம். ரீ-என்ட்ரிகளையும் சிவப்புத் தீவுப் புள்ளிகளையும் வைத்து உங்கள் பிரதி எந்தத் தகட்டில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கலாம், பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதுவும் பயன்படுத்தப்பட்ட நிலையில் மலிவு. ஆர்வம் இன்னும் மிச்சமிருந்தால் 1911-இல் தொடங்கிய ஐந்தாம் ஜார்ஜின் ‘அட்மிரல்’ வரிசை காத்திருக்கிறது, ஆனால் அது ஒரு தனிக் கடல், அவசரப்பட்டு இறங்க வேண்டாம்.

தனியாகப் படிக்கிறவர்கள் 1943-இல் தொடங்கிய பிரிட்டிஷ் நார்த் அமெரிக்கா ஃபிலடெலிக் சொசைட்டியில் சேரலாம், எந்த நாட்டில் இருந்தாலும் சேரலாம். பெரிய ராணி, சின்ன ராணிகளுக்கென்றே அங்கே ஆய்வுக் குழு இருக்கிறது. கேள்வி கேட்கும்போது ‘இது என்ன ஸ்டாம்ப்’ என்று மட்டும் கேட்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு ஸ்கேன், இரு திசைத் துளை அளவு, முத்திரையில் வாசிக்க முடிந்தது எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நாற்பது வருடமாக இதையே பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அளந்து கேட்கிற புதியவருக்கு அவர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார்கள்.